சுவர் இல்லாத ரூமுக்கு டைல்ஸ்

மாப்ள,

யாராலும் நம்ப முடியாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டின் மீதும், என் குட்டி யானை வண்டியின் நான்கு டயர்கள் மீதும், காற்று இறங்கிக் கிடக்கும் ஸ்டெப்னியின் மீதும் சத்தியம். கல்பாக்கம் தொடங்கி கேளம்பாக்கம் வரை தெருப்பிள்ளைகளால் 'டூப்பு மாமா' என்று போற்றப்படும் நான், ஒரு மனிதன் கதை கேட்டபோது சொல்லத் தெரியாமல் வாயடைத்து நின்றேன். செங்கல்பட்டு ஏரி மீன் ஒன்று ரோட்டில் ஏறி என் வண்டியை ஓவர்டேக் பண்ணியது என்றால் நம்புகிறவர்கள்கூட இதை நம்பமாட்டார்கள். கேட்ட ஆள் நீ என்பதால் உனக்கு மட்டும் தெரியும்.

இன்று காலை படூருக்கு லோடு. புதிதாகக் கட்டும் அடுக்குமாடி. பெட்டி பெட்டியாக டைல்ஸை இறக்கிவிட்டு ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். ஹாலில் பாதித் தரை ஒட்டியிருந்தது. மீதிப் பாதிக்குச் சுவரிலிருந்து சுவருக்கு நூல் கட்டியிருந்தார்கள். உள்ளறையில் யாரோ டைல்ஸ் அறுத்தார்கள். தண்ணீர் ஊற்ற ஊற்ற மெஷின் அறுக்கும்போது கிளம்புமே, நனைந்த கல்லும் சூடும் கலந்த ஒரு வாசனை, அது வந்து மூக்கில் ஏறியது. சாயங்காலம் நீ வண்டியில் என் பக்கத்தில் ஏறி உட்காரும்போது உன் சட்டையில் அடிக்கும் வாசனை. நகர முடியாமல் நின்றுவிட்டேன்.

அந்த வீட்டு மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தான். "இன்னா அண்ணாத்த, சாமி கீமி வந்துச்சா?"

"சாமி இல்லப்பா. எங்க மாப்ள வந்துகினு கீறாரு."

அவன் திரும்பி வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. அதன் பிறகு என்னோடு தனியாக அந்த ஹாலில் நிற்க அவன் விரும்பவில்லை.

நீ போய் ஒரு மழைக்காலம் முழுதாக முடிந்துவிட்டது. என் தங்கை செல்விக்குப் புருஷன் ஆவதற்கு முன்பே நீ எனக்குக் கூட்டாளி. நான் டைல்ஸ் ஏற்றி வருவேன், நீ ஒட்டுவாய். இந்தக் கடற்கரை நெடுக நாம் இருவரும் சேர்ந்து போட்ட தரையை ஒன்றாக இணைத்தால் இலங்கைக்கு நடந்தே போய் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். சரி, டீ இல்லாமல்.

உன் வேலை முறை எனக்கு மனப்பாடம். வாசலில் நிற்கிறவன் கண்ணுக்கு முழு டைல். அங்கிருந்து நூல் பிடித்துப் போய், சுவரோரம் மிச்சம் விழும் இடத்துக்கு அளந்து அறுத்த கட் பீஸ். கடைசியாகச் சுவரின் அடியில் சுற்றிலும் ஸ்கர்ட்டிங். அதை ஒட்டி, ஒயிட் சிமென்ட் தடவி, ஈரத் துணியால் துடைத்துவிட்டு எழுந்து இடுப்பில் கை வைத்து நிற்பாய். "நடுவுல எவன் வேணா ஒட்டுவான் மச்சான். ரூம் முடியற எடத்துலதான் மேஸ்திரி தெரிவான்" என்பாய்.

வண்டியில் திரும்பும் வழியெல்லாம் நான் கதை விடுவேன். நீ ஒரே ஒரு வார்த்தைதான் பேசுவாய். "அப்பறம்?" பூஞ்சேரியில் தொடங்கிய புளுகு வாயலூர் வரை ஓடும். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் "அப்பறம்?" பொய் சொல்கிறவனுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய செல்வம் அந்த வார்த்தை. அது உன்னையே ஒருநாள் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஈசிஆரில் அந்தக் கல்யாண மண்டபம் ஞாபகம் இருக்கிறதா? எவ்வளவு பெரியது என்றால், மாப்பிள்ளை வாசலில் மாலை போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினால் மேடையை அடையும்போது அவருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் பார்த்திருப்பார்கள். அந்த மண்டபத்துக்கு வெறும் தூண்கள்தான் எழும்பியிருந்தன. சுவர் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தரையைப் போடு என்றார் முதலாளி. நீ நடுவில் போய் நின்றாய். நூலைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு பக்கமும் திரும்பினாய். எந்தப் பக்கம் கட்டுவது? வெளியே வந்தபோது உன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "சுவர் எழுப்பிட்டுக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டாய். வெயில் என்று நினைத்தேன். வழியெல்லாம் நீ ஒருமுறைகூட "அப்பறம்?" என்று கேட்கவில்லை. அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம் நெஞ்சு. இருமல், வீக்கம், செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. கடைசியில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்கெல்லாம் தெரியும். அன்று முதல் சாயங்காலம் தோறும் உங்கள் சபை ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாய் விரித்து உட்கார்ந்து ஜெபித்துப் பாடினார்கள். தங்கமான மனிதர்கள். பரலோகத்தின் முடிவில்லாத காலத்தைப் பற்றி ஒரு பாட்டு. அதன் பல்லவி 'முடிவே இல்லை' என்று முடியும். முடிந்த உடனே திரும்பவும் தொடங்கும்.

அந்த இடம் வரும்போது உன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். உடம்பு நடுங்கும். பக்கத்தில் உட்கார்ந்த என் மணிக்கட்டைப் பிடித்தாய் என்றால் எலும்பு மாவாகிவிடும். அவர்களோ, ஆண்டவர் உன்னைத் தொடுகிறார் என்று நினைத்தார்கள். பரலோகத்தின் மேல் இந்த மனிதருக்கு எவ்வளவு தாகம் என்று உருகினார்கள். உனக்குப் பிடித்த பாட்டு என்று முடிவு கட்டி அதையே இன்னும் நான்கு முறை பாடினார்கள். அன்பினால் ஒரு மனிதனை இப்படி வதைக்க முடியும் என்று நான் அதுவரை கண்டதில்லை.

எனக்கு விஷயம் தெரிந்தது மகாபலிபுரத்தில். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். செல்வி வரவில்லை. சாயங்காலம் சபை ஆட்களுக்கு டீ போட வேண்டுமே. "வூட்டுக்கு வாணாம் மச்சான். மகாபலிபுரம் வுடு" என்றாய். கடற்கரை ஓரம் வண்டியை நிறுத்தி, பின்கதவை இறக்கிவிட்டு, உன்னைத் தூக்கி அதில் உட்கார வைத்தேன். கடல் முழுசாகத் தெரிந்தது.

"பாத்தா பயமா கீதா?" என்று கேட்டேன்.

"கடலுக்கு இன்னாத்துக்குப் பயம்? அந்தாண்ட அந்தமான் கீது. எங்க சித்தப்பன் புள்ள அங்கதான் டைல்ஸ் ஒட்டிக்கினு கீறான். போன் பண்ணா எடுக்கறான்."

"பின்ன எதுக்குத்தான்யா அந்த நடுக்கம்? சாவறதுக்கா?"

"சாவு ஸ்கர்ட்டிங் மாதிரி மச்சான். ஒட்டிட்டா ரூம் முடிஞ்சுது. ஜாமானைக் கழுவி எடுத்துக்கினு கெளம்பலாம். இவங்க இன்னா சொல்றாங்க? அதுக்கு அப்பறமும் ரூம் போய்க்கினே கீதாம். சுவரே கெடையாதாம்."

"அங்க சந்தோஷமாத்தான இருக்கும்?"

"இருக்கட்டும். எத்தினி நாளு?"

"நாள்கணக்கே இல்லன்றாங்க."

"அதான் பேஜாரு. பிரியாணியே ஆனாலும் எல காலியானாத்தான் எந்திரிக்க முடியும். எல காலியாவலன்னா?" கொஞ்ச நேரம் இருமிவிட்டுச் சொன்னாய்: "படுத்துக்கினு யோசிக்கறேன். ஆயிரம் வருஷம் போவுது. அப்பறம்? இன்னொரு ஆயிரம். அப்பறம்? எங்கயாவது ஒரு சுவர் வரும்னு மனசு தேடிக்கினு போவுது. வரல. கீழ வுழற மாதிரி கீது மச்சான், தரையே இல்லாம."

"செல்விகிட்ட சொன்னியா?"

"பைத்தியமா ஒனக்கு? 'என்னிக்கும் என்கூட இருக்க ஒனக்குப் பயமா'ன்னு கேப்பா. அதுக்கு இன்னா பதில் கீது? அந்த ஒரு சண்டையே முடிவில்லாம நடக்கும்."

சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு நீ என்னைப் பார்த்தாய். "நீதான் எல்லாத்துக்கும் ஒரு கத வச்சிருப்பியே. இதுக்கு ஒண்ணு சொல்லு. நான் நம்பற மாதிரி சொல்லு. நம்பிட்டுப் போயிடறேன்."

மாப்ள, என் வாழ்நாளில் என்னிடம் இவ்வளவு பெரிய ஆர்டர் யாரும் கொடுத்ததில்லை.

நான் என்ன செய்தேன்? வழக்கம்போல அளந்தேன். வரும் வழியில் பார்த்த திருக்கழுக்குன்றம் மனதில் இருந்தது. அந்தக் குளத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு சங்கு பிறக்கும் என்று ஊரே கூடி நிற்குமே, அதை எடுத்துக்கொண்டேன். அப்படி ஒவ்வொன்றாகப் பிறக்கும் சங்குகளை மலை மேல் அடுக்கு. அடுக்கி அடுக்கி அது நிலாவைத் தொட வேண்டும். நிலாவுக்கு முட்டுக் கொடுத்த பிறகு மறுபக்கம் இறங்கி வர வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் நித்தியம் பல் விளக்கி முடித்து நாஸ்தாவுக்கு உட்காரும் என்றேன். கதை சூடு பிடித்துவிட்டது. நான் கையை வீசுகிறேன். திரும்பிப் பார்த்தால் உன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பறம்?" என்றாய்.

சரி, இந்த வழி வேண்டாம் என்று எங்கள் வீட்டுக் கடவுள்களை இழுத்தேன். "பேசாம எங்க பக்கம் வந்துடு மாப்ள. திரும்பப் பொறந்துக்கலாம்."

"திரும்பவும் டைல்ஸா? முட்டி போயிடும்."

"வேற எதுனாப் பொற. நாயி, குதிர, எம்எல்ஏ."

"அது எப்ப முடியும்?"

"மோட்சம் கெடச்சா முடிஞ்சுது."

"மோட்சம் எத்தினி நாளு?"

நான் வண்டிச் சாவியைத் தடவிப் பார்த்தேன். நீ கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "ரெண்டு கம்பெனிலயும் ரிட்டயர்மென்ட்டே இல்ல போல."

அங்கேதான் எனக்கு வாயடைத்தது. வண்டியை ஓட்டி வந்த வழியெல்லாம் மண்டையைக் குடைந்தேன். எனக்குக் கற்பனை அதிகம் என்று ஊர் சொல்கிறது. நானும் அப்படித்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். யோசித்துப் பார்த்தால் நான் செய்தது எல்லாம் சின்னதை எடுத்துப் பெரிதாக்கியதுதான். மீனைத் திமிங்கிலமாக்கினேன், மண்டபத்தை மாவட்டமாக்கினேன். எவ்வளவு பெரிய திமிங்கிலத்துக்கும் வால் என்று ஒன்று இருந்தது. வால் இருந்ததால்தான் கேட்டவர்கள் சிரித்தார்கள். இதற்கு வாலே இல்லை. பெரியது வேறு, முடிவில்லாதது வேறு. ஒன்றை எத்தனை முறை ஊதிப் பெருக்கினாலும் மற்றதன் வாசலுக்குக்கூடப் போக முடியாது. நம் மண்டை சுவர் உள்ள அறை, மாப்ள. அதற்குள் உட்கார்ந்துகொண்டு சுவர் இல்லாததை நினைக்கச் சொன்னால், அது இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு சுவரை எழுப்பிவிட்டு 'இதுதான்' என்கிறது. உன் மண்டை மட்டும் எழுப்பிய சுவரையெல்லாம் தட்டிப் பார்த்து, இது நிற்காது என்று சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல மேஸ்திரிக்கு வந்த கேடு.

மறுநாள் உங்கள் பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். சபை வாசலில் பைக் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உன் பெயரைச் சொல்லவில்லை. "ஐயா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கேக்கறாரு. பரலோகத்துல லீவு உண்டா?"

அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு, "அங்க காலமே கெடையாதுண்ணே. முடியாம நீள்றதுன்னு நாம நெனைக்கிறோம். அங்க நீளமே இல்ல" என்றார்.

"அது எப்படிங்க, நீளமே இல்லாம?"

"எனக்கும் தெரியாது. யோசிச்சா எனக்கும் தல சுத்தும். ஒரு எடத்துல நிறுத்திட்டு, அவரு கையில விட்டுர்றேன்." பிறகு எண்ணெய்க் குப்பியை மூடிக்கொண்டே கேட்டார்: "தெரிஞ்சவரு ரொம்பப் பயந்துட்டாரா?"

நான் தலையாட்டினேன். நல்ல மனிதர். அவர் சொன்னதை அப்படியே உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தேன். "நீளமே இல்லன்னா எங்க நிக்கறது மச்சான்?" என்றாய். அதற்கு மேல் நான் எதையும் கொண்டுவரவில்லை.

நாள் ஆக ஆக நீ தூக்கத்தையே விட்டாய். கண்ணை மூடினால் அது தொடங்கிவிடுகிறது என்றாய். மூச்சு வாங்கும் உடம்புக்குத் தூக்கமும் இல்லை என்றால் என்ன மிஞ்சும்? சாகப்போகிறாய் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. இந்த முகத்தோடு சாகப்போகிறாயே என்பதுதான் என்னைத் தின்றது.

ஒருநாள் சாயங்காலம் வழக்கம்போலச் சபை கூடியது. வழக்கம்போல அதே பாட்டு. 'முடிவே இல்லை' இரண்டாவது சுற்று வந்தபோது செல்வி எழுந்து நின்றாள்.

"போதுங்க. இன்னிக்கு இத்தோட விட்டுருங்க."

கைதட்டல் நின்றது. ஒரு அம்மா, "ஏன் சகோதரி? அவரு எப்படி நெறஞ்சிப்போயி அழுவறாரு பாரு" என்றார்.

"நெறஞ்சி அழுவல. பயந்துகினு கீறாரு. இந்தப் பாட்ட கேட்டுத்தான் பயப்படறாரு."

அந்த அறையில் விழுந்த அமைதியை என்னால்கூடப் பெரிதாக்கிச் சொல்ல முடியாது. பரலோகத்துக்குப் பயப்படுகிறவரா என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாஸ்டர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பைபிளை மூடிக்கொண்டு, "வாங்க, அவரு கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனார். டீ அப்படியே ஆறிக் கிடந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மா செல்வியோடு சரியாகப் பேசுவதில்லை என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்வி கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். "எத்தினி நாளா?"

"இன்னாது?" என்றாய், ஒன்றும் தெரியாதவன்போல.

"நடிக்காத. கல்யாணம் ஆன நாள்லேந்து பாக்கறேன். பயந்தா ஒன் கால் வெரலு மடங்கும். பாட்டு வரும்போதெல்லாம் போர்வைக்குள்ள மடங்குது. என்னாண்ட சொல்ல மாட்ட, இந்த டூப்பு மாஸ்டராண்ட சொல்லுவ."

நீ என்னைப் பார்த்தாய். நான் மின்விசிறியை நானே கண்டுபிடித்தவன்போல ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"முடியாதாமே செல்வி" என்றாய். சின்னப் பிள்ளையின் குரல்.

"முடியுமோ முடியாதோ, எனக்குத் தெரியாது. நீ நான் வர்ற வரைக்கும் இரு. அவ்ளோதான் ஒன் வேல. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல துண்டு போட்டு எனக்கு எடம் புடிச்சி வச்சிக்கினு ஒக்காந்திருப்ப இல்ல? அந்த மாதிரி."

"அப்பறம்?"

"அதுக்கப்பறம் நான் பாத்துக்கறேன்."

"நீ இன்னா பாத்துப்ப?"

"கேஸ் புக் பண்றது யாரு? ரேஷனு யாரு? பசங்க பீஸு யாரு கட்டனது, நீயா? ஒனக்கு டைல்ஸ வுட்டா வேற இன்னா தெரியும்? அதையெல்லாம் பாத்துக்கினவ இதையும் பாத்துக்கறேன். கண்ண மூடு."

நீ மூடினாய். நான் கால்மாட்டில் காத்திருந்தேன், போர்வைக்குள் மடங்கிய அந்தக் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பியது. சதுரங்கப்பட்டினம் கோட்டைச் சுவர் அதிர்ந்தது. கடலில் நின்ற படகுகள் புயல் எச்சரிக்கை என்று கரை திரும்பின. கல்பாக்கம் அணுமின் நிலையக் காவலர்கள் அலாரத்தைச் சரிபார்த்தார்கள். அந்த வாரத்திலேயே, இன்னொரு தூக்கத்தில், நீ போய்விட்டாய்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். படூரிலிருந்து திரும்பும் வழியில் இன்று செல்வியைப் பார்க்கப் போனேன். டைல்ஸ் வாசனையைப் பற்றிச் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கை நின்றது.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. அன்னிக்கு எதையோ சொல்லித் தூங்க வச்சிட்டேன். இப்ப படுத்தா அதே நெனப்பு எனக்கு வருது. நான் போனதும் அந்தாளு மொத வார்த்த 'அப்பறம்?'னுதான் கேப்பாரு. பாத்துக்கறேன்னு வேற சொல்லிட்டேன். எனக்கு ஒண்ணுமே தெரியாதேண்ணே. இன்னா சொல்றது?"

உன் பயம் வீட்டை விட்டுப் போகவில்லை, மாப்ள. கட்டிலில் பக்கம் மாறிப் படுத்திருக்கிறது. நான் அதை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளப் பார்த்தேன். எனக்குச் சுலபமாக வரும் பொய்கள் வரிசையில் வந்து நின்றன. எல்லாவற்றுக்கும் வால் இருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன்.

"அவரு கேக்க மாட்டாரு செல்வி. அன்னிக்கு நீ சொன்னதுமே கேக்கறத நிறுத்திட்டாரு. தூங்கினாரு இல்ல?"

"நெசமாத் தூங்கினாரா? இல்ல, எனக்காகக் கண்ண மூடிக்கினு கெடந்தாரா? நீதான கால்மாட்டுல ஒக்காந்திருந்த. பொய் சொல்லாத."

இப்போதும் 'அப்பறம்?' என்ற அந்தப் பெரிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வண்டி ஓட்டும்போதும் லோடு இறக்கும்போதும் அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். சாகும்வரை சுமப்பேன் என்று தோன்றுகிறது. தூங்கினாரா என்ற சின்னக் கேள்விக்கு மட்டும் அவளுக்குப் பதில் சொன்னேன். இந்த மடலில் மீன் பொய். மண்டபத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன். படகுகள் கரை திரும்பவில்லை. குறட்டை பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் உன் கால் விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்ததை நான் பார்த்தேன். நீ தூங்கினாய். அது உண்மை.